லேப்டாப்புக்கு மறுபடி விண்டோஸ் போட்டால் கீயையும் மறுபடி வாங்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. கடையில் புது கீக்குக் கேட்கிற அந்த 2,000 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் லேப்டாப்புக்கு உரிய கீ, அதாவது விண்டோஸ் முறையாக வாங்கியதுதான் என்று காட்டுகிற எழுத்துக் கோவை, உங்கள் லேப்டாப்புக்குள்ளேயேதான் இருக்கிறது என்று 90 சதவீதம் நம்பிச் சொல்வேன். மீதிப் பத்தையும் நீங்களே கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம், அதையும் கீழே எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி: மண்டபத்தில் வீடு. 2019-ல் தங்கச்சி கல்லூரியில் சேர்ந்தபோது புதிதாக வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10 கூடவே வந்தது. போன மாதம் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்து அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க் போட்டு, விண்டோஸும் போட்டு வாங்கி வந்தீர்கள். இரண்டு வாரம் ஓடிய பிறகு திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக ஓர் எழுத்து வந்து போகாமல் நிற்கிறது. கேட்டால், பழைய கீ பழைய டிஸ்க்கோடு போய்விட்டது, புது கீ 2,000 ஆகும் என்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம், போட் கரையில் நிற்கிறது, இப்போது போய் அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாத வீட்டில் 2,000 ரூபாய் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். அந்த எழுத்து வந்ததால் லேப்டாப் நின்றுவிடாது, ஃபைல் எதுவும் அழியாது. வால்பேப்பர், நிறம் இந்த மாதிரி விஷயங்களைத்தான் செட்டிங்ஸில் மாற்ற விடாது, மற்றபடி எல்லாம் ஓடும், அப்டேட்டும் வரும். நாளைக்கே கட்டவில்லை என்றால் பூட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை. அவசரப்படாமல் யோசித்துச் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது.

சரி, கீ எங்கே இருக்கிறது? 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு சேர்த்து விற்கிற லேப்டாப்புகளில் கம்பெனிக்காரர்களே அந்த 25 எழுத்துக் கீயை மதர்போர்டில் இருக்கிற பயாஸ் சிப்புக்குள், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற நிரல் இருக்கிற சிப்புக்குள், எழுதி அனுப்பிவிடுகிறார்கள். லேப்டாப்பைத் திறந்து பார்த்திருந்தால் தெரியும், எட்டுக் கால் உள்ள சின்னக் கறுப்பு சிப் ஒன்று இருக்கும், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அதற்குள் ஒரு சின்ன அட்டவணையில் இந்தக் கீ உட்கார்ந்திருக்கும். விண்டோஸை மறுபடி போடும்போது இன்ஸ்டாலர் முதலில் அங்கே போய்ப் பார்க்கும், கீ இருந்தால் எந்தப் பதிப்பு வேண்டும் என்றுகூட உங்களைக் கேட்காமல் அதற்குரிய பதிப்பைத் தானே போட்டுவிடும். இன்டர்நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், அதாவது முறையான விண்டோஸ்தான் என்று உறுதியாகிவிடும். இதில் ஹார்ட் டிஸ்க்குக்கு வேலையே இல்லை. டிஸ்க்கை மாற்றலாம், ரேமைக் கூட்டலாம், பேட்டரி மாற்றலாம், கீபோர்டு மாற்றலாம், கீ அசையாது. போர்டு மாறினால்தான் பிரச்சினை, அதற்குத் தனியாக வருகிறேன். நம் ஊர்ப் பக்கம் அது அடிக்கடி நடக்கிற ஒன்று.

இதற்கு மேல் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. விண்டோஸ் 10 வந்த 2015-லிருந்து, ஒரு கம்ப்யூட்டர் ஒரு தடவை முறையாக ஆக்டிவேட் ஆகிவிட்டால் அதன் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் குறித்து வைத்துக்கொள்கிறது. டிஜிட்டல் லைசென்ஸ் என்பது அதுதான். அதே கம்ப்யூட்டரில் அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் கீயே கேட்க வேண்டியதில்லை, கேட்கிற இடத்தில் ‘என்னிடம் கீ இல்லை’ என்று கொடுத்துத் தாண்டிப் போகலாம், பிறகு நெட்டில் சேர்ந்ததும் சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும்.

இதில் ‘அதே பதிப்பு’ என்று சொன்னேனே, உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தியாவில் வீட்டுக்கென்று விற்கிற லேப்டாப்புகளில் பெரும்பாலும் வருவது ‘ஹோம் சிங்கிள் லாங்வேஜ்’ என்கிற பதிப்பு. உங்கள் போர்டில் இருக்கிற கீ அந்தப் பதிப்புக்கான கீ. கடைகளில் பல பேர் வைத்திருக்கிற பென்டிரைவில் இருப்பதோ ‘ப்ரோ’, அதுவும் யாரோ மாற்றித் தயாரித்த கள்ளப் பிரதி, இன்ஸ்டாலர் போர்டில் கீயைத் தேடுகிற வேலையையே நிறுத்தி வைத்திருப்பார்கள். எல்லா லேப்டாப்புக்கும் அதே பென்டிரைவ். ப்ரோ போட்டுவிட்டு, கூடவே ஆக்டிவேட்டர் என்கிற ஒரு கள்ள புரோகிராமை ஓடவிட்டுவிடுவார்கள், அப்போதைக்கு ‘ஆக்டிவேட்டட்’ என்று காட்டும். நாலு நாள் கழித்து விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அந்த ஆக்டிவேட்டரைப் பிடித்து அப்புறப்படுத்தினால் பழைய கதை திரும்பிவிடும். உங்களுக்கு இரண்டு வாரம் கழித்து எழுத்து வந்தது என்கிறீர்கள், அது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. முறையாக வாங்கிய, காசு கொடுத்த ஒரு விண்டோஸை எடுத்துவிட்டுக் கள்ள விண்டோஸைப் போட்டு, அதற்கும் கூலி வாங்கி, பிறகு கீக்கும் காசு கேட்பது என்பது எனக்கு மனசு ஆறாத விஷயம். கடைக்காரர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை, நிறைய பேருக்குப் போர்டில் கீ இருக்கிற விவரமே தெரியாது. ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தானே.

இப்போது நீங்களே பார்க்கிற வழி. செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் என்று போங்கள். விண்டோஸ் 10 என்றால் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’க்குள் ஆக்டிவேஷன் இருக்கும். மேலே எடிஷன் என்று என்ன போட்டிருக்கிறது? ப்ரோ என்று இருந்தால் நான் சொன்னது சரி. அதன் கீழே எழுதியிருப்பதையும் ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்ற வார்த்தை இருந்தால் நல்லது. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் உஷாராகுங்கள். பாம்பனில் ஒரு வலை பின்னுகிற வீட்டு லேப்டாப்பில் இந்த வரியை நானே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் எந்த நிறுவனம் இருக்கிறது? பெரிய அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒரே சர்வரை வைத்து ஆக்டிவேட் செய்கிற முறை ஒன்று உண்டு, கேஎம்எஸ் என்பார்கள், கள்ள ஆக்டிவேட்டர்கள் அந்த சர்வர் மாதிரி நடிக்கின்றன. அவ்வளவுதான் அதன் ரகசியம். அதை ஓடவிடுவதற்காக டிஃபெண்டரையே நிறுத்திவிட்டுப் போயிருப்பார்கள், அந்த லேப்டாப்பில்தான் வீட்டுக்காரர் பேங்க் வேலையும் பார்ப்பார். எனக்குக் கவலை லைசென்ஸைவிட இதில்தான்.

அடுத்து, போர்டில் உண்மையிலேயே கீ இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஷோகீபிளஸ்’ என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. திறந்தால் இரண்டு கீ காட்டும். ‘இன்ஸ்டால்டு கீ’ என்பது இப்போது ஓடுகிற விண்டோஸில் இருப்பது. ‘ஓஇஎம் கீ’ என்பது லேப்டாப் கம்பெனி போர்டில் எழுதி அனுப்பியது, எந்தப் பதிப்புக்கான கீ என்றும் சொல்லும். அந்த இரண்டாவதுதான் உங்களுடையது. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் போட்டோவும் எடுங்கள். முதலாவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிஜிட்டல் லைசென்ஸில் ஓடுகிற கம்ப்யூட்டர்களில் அங்கே எல்லோருக்கும் பொதுவான ஒரு கீதான் காட்டும், ப்ரோ என்றால் கடைசி ஐந்து எழுத்து 3-வி-6-6-டி, ஹோம் என்றால் 8-எச்-வி-எக்ஸ்-7, சிங்கிள் லாங்வேஜ் என்றால் 6-எஃப்-4-பி-டி. ‘என் கீயைக் குறித்து வைத்திருந்தேன், போட்டால் வேலை செய்யவில்லை’ என்று வருகிறவர்களில் நிறைய பேர் குறித்து வைத்திருப்பது இதைத்தான். அது கதவுக்குப் போட்ட பெயிண்ட் மாதிரி, பூட்டைத் திறக்காது.

ஓஇஎம் கீ இருக்கிறது, ஹோம் சிங்கிள் லாங்வேஜ் என்று காட்டுகிறது என்றால் உங்கள் வேலை சுலபம். ஆனால் ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்க முடியாது, அந்தக் கீயை ஆக்டிவேஷன் பக்கத்தில் தட்டினால் பதிப்பு பொருந்தவில்லை என்றுதான் சொல்லும். முழுதாக அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் சேர்த்த ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பிறகு குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல், வேறு எங்கிருந்தும் வேண்டாம். அதை வைத்துப் பென்டிரைவைத் தயார் செய்து, லேப்டாப்பை அந்தப் பென்டிரைவிலிருந்தே தொடங்க வைத்து (பூட்), டிஸ்க்கில் பிரித்திருக்கிற பகுதிகளை (பார்ட்டிஷன்) அழித்துப் போடுங்கள். கீ கேட்காமலேயே போகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், லேப்டாப் தாங்கும் என்றால் 11-ஐயே போடுங்கள். 10-க்கான உரிமை 11-க்கும் செல்லும், பதிப்பு மட்டும் அதேதான் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும், 2019-ல் வாங்கியது என்றால் பெரும்பாலும் இருக்கும்.

போட்டு முடித்ததும் வைஃபை வராமல் போகலாம், அதை இயக்குகிற டிரைவர் மென்பொருள் இருக்காது. அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி, போன் நெட்டைப் பகிர்கிற டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். ஆக்டிவேஷனுக்கு நெட் வேண்டும், இதை மறந்துவிட்டு கீ செல்லவில்லை என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தேதியையும் பாருங்கள். கீழக்கரையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், எத்தனை தடவை முயன்றாலும் ஆக்டிவேஷன் தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசியில் மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் வருடமே தப்பு. போர்டில் இருக்கிற காசு வடிவ பேட்டரி, சிஆர்2032 என்று போட்டிருக்கும், அது செத்துப்போய் கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடுகிறது. தேதி தப்பு என்றால் சர்வரோடு பாதுகாப்பான தொடர்பே நடக்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தேன், அடுத்த நிமிடம் ஆக்டிவேட் ஆகிவிட்டது. பேட்டரி இருந்த கிண்ணத்தின் கம்பி பச்சை பூத்திருந்தது.

அந்தப் பச்சையைப் பற்றித்தான் இனி சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் இரும்பும் செம்பும் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி உலோக அரிமானத்தைச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்தால், விசிறி அந்த உப்புக் காற்றையே உள்ளே இழுத்து போர்டின் மேல் ஊதிக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் சிப்புக் கால்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருக்கும், டூத் பிரஷ்ஷை ஐபிஏ என்கிற ஆல்கஹால் திரவத்தில் நனைத்துத் தேய்த்தால் சில நேரம் கால் கையோடு வந்துவிடும். மதுரையில் எட்டு வருடம் ஓடுகிற போர்டு இங்கே நாலு வருடத்தில் போவதைப் பார்த்திருக்கிறேன். கீ போர்டில்தான் இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, ஆகவே மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குத்தான் இந்தக் கவலை அதிகம்.

போர்டு போனால் என்ன செய்வது? வாரண்டியில் இருந்தால், கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றச் சொல்லுங்கள், புதுப் போர்டில் உங்கள் விண்டோஸ் கீயை எழுதித் தருவது அவர்கள் வேலை. வாங்கும்போதே அங்கேயே ஆன் செய்து ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். வாரண்டி முடிந்து வெளியே மாற்றுகிறீர்கள் என்றாலும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், பழுதான போர்டுக்குப் பதிலாக அதே மாடல் போர்டோ, தயாரிப்பாளர் தருகிற இணையான போர்டோ போட்டால் புது லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் மைக்ரோசாஃப்ட்டின் விதி. ஆனால் உரிமை இருந்தாலும் இயந்திரம் அதைத் தானாக உணராது. அப்போது ஆக்டிவேஷன் பக்கத்தில் சி004எஃப்211 என்று முடிகிற ஒரு பிழை எண் வரும், ‘வன்பொருள் மாறிவிட்டது’ என்று அர்த்தம். அங்கே ட்ரபிள்ஷூட் என்ற பட்டனை அழுத்தி, ‘சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, பழைய லேப்டாப்பின் பெயரைக் காட்டினால் சரியாக வாய்ப்பு உண்டு. இதற்கு ஒரே நிபந்தனை, போர்டு போவதற்கு முன்பே அந்த லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கைச் சேர்த்திருக்க வேண்டும். நல்லபடியாக ஓடுகிற லேப்டாப் வைத்திருக்கிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதை ஒன்றைத்தான், இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். சேர்ந்ததும் ‘டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டது’ என்று அந்த வரியே மாறும்.

அந்தக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் நம்பரில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கடைக்காரரோ நெட் சென்டர் பையனோ அவசரத்தில் தன் போன் நம்பரைப் போட்டு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவார், கடவுச்சொல் அவருக்கும் மறந்துவிடும். லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்டும் முதல் தடவை எந்தக் கணக்கில் திறந்தோமோ அதிலேயே ஒட்டிக்கொள்ளும். தங்கச்சியின் ஆஃபீஸ் இப்போது கேட்கிறது என்றால் அவர் 2019-ல் எந்த மின்னஞ்சலில் திறந்தார் என்று யோசிக்கச் சொல்லுங்கள், அதே கணக்கில் நுழைந்தால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அதற்கும் காசு கிடையாது.

பயாஸ் விஷயத்தில் இன்னொரு ஆபத்து. சிப் லெவல் வேலை செய்கிற இடங்களில், ஆன் ஆகவில்லை என்று போனால் சில நேரம் பயாஸ் சிப்பை அழித்து, இணையத்தில் கிடைத்த வேறொரு லேப்டாப்பின் பிரதியை எழுதிவிடுவார்கள். லேப்டாப் ஓடும், ஆனால் உங்கள் கீயும் சீரியல் நம்பரும் போய் வேறு யாருடையதோ வந்து உட்கார்ந்திருக்கும். கொடுக்கும்போதே, ‘பயாஸ் எழுதுவதாக இருந்தால் முதலில் என் சிப்பில் இருப்பதைப் படித்து எடுத்து வையுங்கள், கீ போகக் கூடாது’ என்று சொல்லிக் கொடுங்கள். நல்ல வேலைக்காரர் இதைக் கேட்டதும் மரியாதையோடுதான் பார்ப்பார், அவரும் வழக்கமாகச் செய்வதுதான் அது.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் இந்த இடத்தில் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு வருகிற லேப்டாப்புகளில் பாதி வளைகுடாவிலிருந்து வந்தவை. மச்சானோ மாமாவோ தன் கம்பெனி கழித்துக்கட்டிய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுப்பார். ஆறு மாதம் அழகாக ஓடும், பிறகு ஒரு நாள் ஆக்டிவேட் செய் என்று ஆரம்பிக்கும். காரணம் எளிது, மேலே சொன்ன கேஎம்எஸ் முறையில் ஒரு தடவை ஆக்டிவேட் ஆனால் அது 180 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் அந்தக் கம்பெனி நெட்வொர்க்கைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஏர்வாடியிலிருந்து துபாய் ஆஃபீஸ் நெட்வொர்க்கை எப்படித் தொடும்? ஆனால் அந்த லேப்டாப்பின் போர்டிலும் சொந்தமாக ஒரு ப்ரோ கீ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஷோகீபிளஸில் பார்த்து, முறையான பென்டிரைவில் மறுபடி போட்டால் முடிந்தது.

சில லேப்டாப்புகளில் மறுபடி போட்டதும், நெட் சேர்ந்த உடனே அந்தக் கம்பெனி பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சலில் நுழையச் சொல்லும். ஆட்டோபைலட் என்கிற பதிவு அது, எத்தனை தடவை ஃபார்மட் அடித்தாலும் போகாது, லைசென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கம்பெனியின் ஐடி ஆட்கள்தான் தங்கள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அதனால் மாமா ஊருக்குக் கிளம்புமுன்பே ஆஃபீஸில் ஒரு வார்த்தை சொல்லி நீக்கிவிட்டு வரச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குகிறவர்களும் கடையிலேயே ரீசெட் அடித்து, நெட் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இணையத்தில் 300, 500 ரூபாய்க்கு விற்கிற கீகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். பெரும்பாலும் அவை ஏதோ ஒரு நிறுவனத்துக்கு இத்தனை கம்ப்யூட்டருக்கு என்று கொடுத்த கீயைத் துண்டு போட்டு விற்பது. இன்றைக்கு வேலை செய்யும், எண்ணிக்கை தாண்டினாலோ கீயை முடக்கினாலோ நின்றுவிடும். சி004சி008 என்று பிழை வந்தால் அனுமதித்ததைவிட அதிகக் கம்ப்யூட்டரில் அந்தக் கீ போடப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைவிட முக்கியம், உங்களுக்கு அது தேவையே இல்லை.

பக்கத்து வீட்டில் விண்டோஸ் 7 காலத்து டெஸ்க்டாப் இருக்கிறது, கேபினெட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது, அந்தக் கீ செல்லுமா என்றும் கேட்டீர்கள். 7, 8-க்கான கீயைத் தட்டி 10-ஐ ஆக்டிவேட் செய்கிற வழி பல வருடம் திறந்திருந்தது, 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது. அதற்கு முன்பே அந்த டெஸ்க்டாப் ஒரு தடவை 10-க்கு மாறி ஆக்டிவேட் ஆகியிருந்தால் சர்வரில் அதன் அடையாளம் இருக்கும், கீ இல்லாமலேயே 10-ஐத் திரும்பப் போடலாம். ஸ்டிக்கர் மங்கியிருந்து படிக்கவேண்டி வந்தால் ஒரு விஷயம் உதவும்: அந்தக் கீகளில் உயிரெழுத்துகளே வராது, அதாவது ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தும் கிடையாது, எல், எஸ், இசட் கிடையாது, 0, 1, 5 கிடையாது. ஆகவே வட்டமாகத் தெரிவது பூஜ்யமோ ஓவோ இல்லை, க்யூவாகவோ டியாகவோ ஜியாகவோ 6-ஆகவோ இருக்கும். எஸ் மாதிரி தெரிவது 8 ஆக இருக்கலாம். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்பிரிட் வைத்துத் துடைக்காதீர்கள், நான் ஒரு தடவை அழுக்கை எடுக்கிறேன் என்று துடைத்து நடு ஐந்து எழுத்தை முழுதாக அழித்துவிட்டேன், அந்த வீட்டுக்காரருக்குத் திரும்ப எடுத்துக் கொடுக்க வழி இல்லாமல் போய்விட்டது. அவ்வளவு பழைய மெஷின் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுங்கள், கீயே கிடையாது, தமிழில் தட்டலாம், பிரவுசரும் வீடியோவும் ஓடும்.

கடைசியாக, இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து போட்டால், முக்கியமாக 24எச்2 பதிப்பிலிருந்து, பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது, என்கிரிப்ஷன். போர்டு மாறினாலோ பயாஸில் ஏதாவது மாற்றினாலோ நீலத் திரையில் அந்தப் பூட்டைத் திறக்கிற பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கும். ஜனங்கள் இதையும் விண்டோஸ் கீ என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. விண்டோஸ் கீ 25 எழுத்து, இது 48 இலக்க எண், ஆறு ஆறாக எட்டுக் கட்டு. விண்டோஸ் கீ தொலைந்தால் மிஞ்சிப் போனால் பணம் போகும். இந்த எண் தொலைந்தால் உள்ளே இருக்கிற போட்டோ, கணக்கு, படிப்பு எதுவுமே யாராலும் திரும்ப எடுக்க முடியாது, கம்பெனியாலும் முடியாது. புதிதாகப் போட்டு முடித்த அன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் டிவைசஸ் என்ற இடத்துக்குப் போய் அந்த எண்ணைப் பார்த்து, பேப்பரில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நாளைக்கே போய்க் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள். விண்டோஸ் அதில் ஏறவில்லை என்பதால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அப்பாவின் டீசல் கணக்கும் ஐஸ் கணக்கும் தங்கச்சியின் ப்ராஜெக்டும் அதில்தான் இருந்தன என்றீர்கள். வாங்கியதும் ஆன் செய்து ஆன் செய்து பார்க்காதீர்கள், டக் டக் என்று சத்தம் வருகிறதென்றால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். துணியில் சுற்றி, உப்புக் காற்று படாமல் ஜிப் கவரில் போட்டு வைத்துவிட்டு, சத்தம் வருகிறதா, மெஷினில் காட்டுகிறதா, எந்த அளவு டிஸ்க் என்று எனக்கு எழுதுங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் என்ன வரி இருக்கிறது என்பதையும் அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், கீ தெரிகிற போட்டோவை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் வேண்டாம்.